மண்ணிற் பிறந்த மருந்து

கோடை மழையின்பின் எழும் மண்வாசனையை அறியாதார் யார்? அது பெரும்பாலும் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசீஸ் என்னும் பாக்டீரியங்கள் சுரக்கும் ஒரு பொருளின் மணமேயாம். க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தை அளித்தவையும் இவ்வினத்தனவே.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்து ரட்கர்ஸ் கலாசாலையில், செல்மன் வாக்ஸ்மன் என்பார் மண்ணுயிர்களை ஆராய்ந்து வந்தார். அவர்பாற் பயின்ற ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர் 1943-ம் ஆண்டில் நிலவறையொன்றில் இரவும் பகலும் உழைத்தார். க்ஷயக் கிருமியைக் கையாளுதல் அபாயமாதலின் அவ்வறையே அவருக்கு ஒதுக்கப்பட்டது.

ஆராயும் முறை சொல்லுமளவில் எளிது. ஒரு சிட்டிகை மண்ணை நீரிற் கரைத்து, பன்முறை நீர் கூட்டி, கடற்பாசிக் கூழ் பரப்பிய தட்டில் தடவுவர். சின்னாளில் உயிர்கள் புள்ளி புள்ளியாய்த் திரண்டு தோன்றும். ஒவ்வொன்றையும் பிரித்து வேறொரு தட்டிற் கோடாக வளர்த்து, அதற்குக் குறுக்கே நோய்க்கிருமிகளைத் தீட்டுவர். கிருமிகள் கோட்டின் அருகில் வளராவிடில், ஆங்கு ஏதோ ஒன்று சுரந்து அவற்றைத் தடுக்கின்றதென்பது தெளிவு. ஆயின் அப்பொருள் நோயாளியையும் கொல்லுமேல் யாது பயன்? வாக்ஸ்மன் குழுவினர் 1940-ல் கண்ட ஆக்டினோமைசின் அத்தகைய நஞ்சாகவே முடிந்தது.

1943 அக்டோபரில் ஷாட்ஸ் கண்டது அவ்வாறன்று. எருவிட்ட நிலத்து மண்ணிலும் ஒரு கோழியின் தொண்டையிலும் கிடைத்த உயிர்கள் ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்தன. 1948-ல் பிரிட்டனில் வெளியான சோதனையில், அம்மருந்து பெற்ற 55 பேருள் ஆறு மாதத்தில் இறந்தோர் நால்வர். படுக்கை ஓய்வு மாத்திரம் பெற்ற 52 பேருள் 14 பேர். எனினும் கிருமிகள் விரைவில் மருந்தை எதிர்க்கும் வன்மை பெற்றமையால், பிற மருந்துகளையும் உடன்சேர்க்க நேர்ந்தது.

ஷாட்ஸ் 1950-ல் வழக்குத் தொடுத்து, உடன்கண்டவர் என்னும் உரிமையைப் பெற்றார். அவ்வாறிருந்தும் 1952-ம் ஆண்டின் நோபெல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே கிடைத்தது. இது முறையன்றென்பதே எம் கருத்து.

நிற்க. மண்ணுயிர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தட்டில் வளர மறுப்பவை. ஆதலின் காலஞ் செல்லச் செல்ல, கண்ட பொருள்களே மீண்டும் மீண்டும் அகப்பட்டன. பாஸ்டன் நகரத்து நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். துளைக்கு ஓருயிராக அடைத்து, மெல்லிய சவ்வால் மூடி, மண்ணிலேயே புதைத்து வளர்த்தனர். மெயின் மாகாணத்துப் புல்வெளி மண்ணில் இங்ஙனம் கிடைத்த ஓர் உயிர் டெய்க்ஸோபாக்டின் என்னும் பொருளை அளித்ததென்ற செய்தி 2015-ல் வெளியாயிற்று. அது கிருமியின் புறச்சுவருக்கு மூலமான கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொள்கின்றது. புரதத்தைப்போல் இக்கொழுப்பு எளிதில் உருமாறுவதில்லை. அதனாலேயே அவ்வாய்வில் க்ஷயக் கிருமிகளுள் அதனை எதிர்த்து நிற்பது ஒன்றேனும் தோன்றவில்லை.