சேவைக்குக் கட்டிய பணத்துக்கும் ரசீது உண்டு

'நேபாள மலைக்கிராமத்தில் பத்து நாள். நூலகத்துக்கு வண்ணம் பூசுதல், புத்தகம் அடுக்குதல், சிறுவர்களுக்குக் கதை சொல்லுதல். சான்றிதழ் உண்டு.' கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஓர் அழைப்பு வந்தால், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பாதுகாப்பைப் பற்றியதாக இருக்கும். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த உதவியைக் கேட்டது யார்?

அமெரிக்கப் பயண ஏற்பாட்டாளர் அந்தோனியா நியூபவர், தன் மலையேற்ற வழிகாட்டியிடம் அவர் ஊருக்கு என்ன தேவை என்று விசாரித்தார். நூலகம் என்றார் அவர். சோலுகும்பு மாவட்டத்து ஜுன்பேசியில் 1991-இல் அப்படித் தொடங்கியதுதான் 'ரீட் நேபாள்'. நூலகத்தோடு வாடகைக் கடை, மரச்சாமான் பட்டறை என ஒரு வருமான வழியையும் சேர்த்தே அமைப்பது அவர்கள் முறை. தன்னார்வலர் யாரும் வராத மாதத்திலும் நூலகருக்குச் சம்பளம் போக வேண்டுமே!

ஆகவே உங்கள் பயண ஏற்பாட்டாளரிடம், நீங்கள் போகப்போகும் நூலகத்தின் குழு தந்த கடிதத்தைக் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை பேர், எந்தத் தேதி என்பது அதில் இருக்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியது நேபாளி மொழிச் சிறுவர் நூல்களாக இருக்கலாம். நாம் சுமந்து போவதோ பரணில் கிடந்த பழைய ஆங்கில கைடுகள். வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு நேபாளம் 2019-இல் 10 சதவீதச் சுங்கவரி விதித்ததும் உண்டு. வரி விதிகள் மாறுபவை என்பதால், அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு பெட்டி கட்டுவது நல்லது.

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும். கல்லூரி மாணவர் வயதுக்கு ஆதார் செல்லாது. விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். இலங்கை மலையகத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவதென்றால் கதை வேறு. அங்கே சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் செய்யக்கூடாது. 'டூரிஸ்ட் என்றே சொல்லிவிடுங்கள்' என்று ஏற்பாட்டாளர் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பயணத்தை விட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பப்படுவது நீங்கள், அவரல்ல.

'பத்திரமாக இருக்கட்டும்' என்று எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. கொடுக்கத் தேவையில்லை. 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. அதை முடக்கிவைக்கும் அதிகாரம் காவல்துறைக்குக்கூடக் கிடையாது, பாஸ்போர்ட் அதிகாரிக்குத்தான் உண்டு என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டும் திருப்பித் தராவிட்டால் உள்ளூர்ப் போலீஸ், காத்மாண்டு இந்தியத் தூதரகம் இரண்டையும் அணுகலாம்.

பயணத் திட்டத்தில் 'ஒருநாள் அநாதை இல்லம்' என்று இருந்தால் நான் மறுக்கவே சொல்வேன். பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளைப் படிப்பு ஆசை காட்டி அழைத்துவந்து, நன்கொடைக்காகக் காட்சிப்பொருளாக வைத்திருப்பது நேபாளத்தில் பலமுறை அம்பலமான மோசடி. நூலகத்திலும் குழந்தையைப் படமெடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சாக்லேட் கொடுத்து வாங்குவது சம்மதம் ஆகாது.

இனி பணம். சொன்ன தங்குமிடம் இல்லை, நூலகமே இல்லை, பயணம் ரத்து என்றால் 'சேவைக்குத்தானே கொடுத்தீர்கள்' என்று மழுப்புவார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பயணம் ஏற்பாடு செய்தவரிடம் நீங்கள் நுகர்வோர். முதலில் 1915 உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டிய பணத்துக்கு மனுக் கட்டணம் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கல்லூரியே பணம் வாங்கியிருந்தால், கல்வி நுகர்வோர் சட்டத்தில் வராது என்று வாதாட இடமிருக்கிறது. எனவே பணத்தை ஏற்பாட்டாளரின் கணக்கில் நேரடியாகச் செலுத்தி, அவரிடமிருந்தே ரசீது வாங்குங்கள். எது எதற்கு எவ்வளவு, நூலகத்துக்குப் போவது எவ்வளவு, ரத்தானால் திரும்புவது எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். நூலகக் குழுவின் கடிதம் கேட்டு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அழித்துவிடாதீர்கள். அதற்குப் பதில் வராமல் போயிருந்தால் அதுவும் வழக்கில் உதவும்.