மறைக்க வேண்டியதும் காட்ட வேண்டியதும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் காட்டில் பருத்தி விளைந்தாலும் வத்தல், மல்லி, மக்காச்சோளம் விளைந்தாலும் அதை விற்க விவசாயிக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே போட்டுவிட்டு வருவது ஒன்று. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோவது இன்னொன்று. கூடத்தில் வழக்கமாக நடப்பதற்கு மறைமுக ஏலம் என்று பெயர். சரக்கைக் குவியல் குவியலாக வைத்து லாட் நம்பர் போட்டிருப்பார்கள். வியாபாரிகள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள். ஒருவர் பஞ்சை விரலால் இழுத்து இழை நீளம் பார்ப்பார். ஒருவர் வத்தலைக் குலுக்கி விதைச் சத்தம் கேட்பார். பிறகு அவரவர் விலையைச் சீட்டில் எழுதி, பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படாமல் பெட்டியில் போடுவார்கள். பெட்டியைத் திறந்ததும் எந்தக் குவியலுக்கு யார் அதிகம் கேட்டார் என்பது ஊரறிந்ததாகிவிடும். அந்த விலையும் கட்டுபடியாகாவிட்டால் விவசாயி விற்க மறுக்கலாம். சரக்கைக் கிட்டங்கியில் இருப்பு வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம்.

இதில் மறைவும் உண்டு, வெளிச்சமும் உண்டு. எது முதலில், எது பிறகு என்பதுதான் விஷயம். கேட்கிறபோது விலை மறைந்திருப்பதால், பெரிய வியாபாரி சொன்ன தொகைக்கு மேல் சின்ன வியாபாரி வாய் திறக்கத் தயங்குவது குறைகிறது. கண் ஜாடையில் பேசி வைத்து விலையை அமுக்குவதும் கொஞ்சம் கஷ்டமாகிறது. கேட்டு முடிந்த பிறகு மறைவுக்கு வேலையே இல்லை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நினைத்துப் பாருங்கள். அங்கே பேரம் முடிந்த பிறகும் துண்டு விலகுவதில்லை. விற்றவருக்குச் சொன்ன தொகையும் வாங்கியவர் கொடுத்த தொகையும் ஒன்றுதானா என்பது தரகருக்கு மட்டுமே வெளிச்சம். அந்தத் துண்டை விலக்கத்தான் 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கென்று முதல் ஒழுங்குமுறைச் சந்தை தொடங்கியது. 2016 ஏப்ரல் 14 அன்று மத்திய அரசு இ-நாம் என்ற மின்னணு வேளாண் சந்தையைக் கொண்டுவந்ததும், தமிழ்நாட்டுக் கூடங்கள் படிப்படியாக அதில் சேர்ந்தன. சீட்டுக்குப் பதில் செல்போன், ரொக்கத்துக்குப் பதில் வங்கிக் கணக்கு. விற்பதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் முன்போலவே விவசாயி கையில்.

ஆன்லைனில் நடக்கும் இன்னொரு ஏலத்துக்கு இந்தப் பக்குவம் இன்னும் வரவில்லை. டொமைன் பெயர் ஏலத்தைச் சொல்கிறேன். அருப்புக்கோட்டை நெசவாளர் ஒருவர் தன் சேலைகளை வெளியூருக்கு நேரடியாக விற்க ஓர் இணையதளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் முகவரிதான் டொமைன் பெயர். டாட் காம், டாட் இன் என்று முடியும் அந்தப் பெயரை யாரும் விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்வதில்லை. ஆண்டுக்கட்டணம் கட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். கட்ட மறந்தால் பெயர் கைநழுவும். மறதிக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. உலக அளவில் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி, டாட் காம் போன்ற பெயர்களுக்குக் காலாவதிக்கு முன் இரண்டு முறையும் பின் ஒரு முறையும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும். பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் பல பதிவு நிறுவனங்கள் பெயரை நீக்கும் கட்டம்வரை போவதே இல்லை. காலாவதியான சில வாரங்களிலேயே ஏலத்துக்கு விட்டுவிடுகின்றன. அந்த ஏலப் பணத்தில் பழைய உரிமையாளருக்குப் பொதுவாக ஒரு பைசாகூடக் கிடையாது. விற்பனைக் கூடம் வாங்குகிறவரிடம் சரக்கு மதிப்பில் ஒரு சதவீதம் சந்தைக் கட்டணம் வசூலிக்கிறது. ஏலத்தொகை மொத்தமும் விவசாயிக்குப் போகிறது. டொமைன் ஏலத்திலோ நினைவூட்ட வேண்டியவரும், மறந்தால் லாபம் அடைபவரும், ஏலம் கூறுபவரும் பல நேரம் ஒரே நிறுவனம்தான். இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேற்பார்வை எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது இல்லை.

மேற்பார்வை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்நாப்நேம்ஸ் கதை போதும். காலாவதிப் பெயர்களை ஏலம் விடுவதில் அன்று முன்னணியில் இருந்த அமெரிக்க நிறுவனம் அது. 2009 நவம்பரில் தன் வாடிக்கையாளர்களுக்கு அதுவே ஒரு செய்தி அனுப்பியது: எங்கள் ஊழியர் ஒருவர் ‘ஹால்வாரெஸ்’ என்ற புனைபெயரில் 2005 முதல் எங்கள் ஏலங்களில் தானே விலை கேட்டுவந்திருக்கிறார். அவர் சாதாரண குமாஸ்தா அல்ல, தொழில்நுட்பப் பிரிவின் துணைத் தலைவர். 2005-க்குப் பிறகு நடந்த ஏலங்களில் சுமார் 5 சதவீதத்தில் அவர் கை இருந்தது என்றும், அதனால் கூடுதலாகக் கிடைத்த தொகை மொத்த ஏல வருமானத்தில் ஒரு சதவீதம் அளவுக்கே என்றும் நிறுவனம் கணக்குச் சொன்னது. கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு 5.22 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது. திருப்பித் தந்தார்கள் என்பதைப் பாராட்டலாம். ஆனால் இந்த 5 சதவீதம், ஒரு சதவீதம் எல்லாம் யார் போட்ட கணக்கு? நிறுவனம் போட்டது. பதிவேடு அவர்களிடம்தான் இருந்தது. தன்னை எதிர்த்துக் கேட்டது யார் என்று அந்த ஏலங்களில் பணத்தை இழந்த ஒருவர் சரிபார்க்க நினைத்திருந்தால், திரையில் கிடைத்திருப்பது வெறும் புனைபெயர்தான். பெட்டியை வைத்திருப்பவரே சீட்டும் போட்டார். பெட்டி திறந்த பிறகும் சீட்டில் யார் கையெழுத்து என்று பார்க்க வழியில்லை.

சில்லறைப் பெயர்களில்தான் இப்படி, பெரிய ஏலங்கள் ஒழுங்காக நடக்கும் என்றும் சொல்ல முடியாது. டாட் காமுக்கு இணையாக வரக்கூடியது என்று பலர் எதிர்பார்த்த டாட் வெப் என்ற முடிவெழுத்தை 2016 ஜூலையில் ஐகான் தன் சார்பில் ஏலம் விட்டது. நூ டாட்கோ என்ற சிறு நிறுவனம் 13.5 கோடி டாலருக்கு அதை எடுத்தது. ஏலம் முடிந்த சில நாளில், பணம் தங்களுடையது என்று வெரிசைன் அறிவித்தது. டாட் காமை நடத்துவதே வெரிசைன்தான். எதிரில் நிற்பது சிறு கம்பெனி என்று நினைத்தா, சந்தையின் பெரிய முதலாளி என்று தெரிந்தா விலை கேட்டோம் என்பது மற்றவர்களுக்கு எப்பேர்ப்பட்ட வித்தியாசம்! நம்மூரில் இதற்குப் பினாமி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். விதி மீறப்பட்டதா இல்லையா என்ற வழக்கு அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

நம் நாட்டுச் சட்டம் பொய் ஏலத்தை அறியாததல்ல. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது: தானும் ஏலம் கேட்கும் உரிமையை முன்கூட்டியே அறிவித்திருந்தால் ஒழிய, விற்பவர் தானும் கேட்கக்கூடாது, ஆள் வைத்தும் கேட்கக்கூடாது, பொய்யாகக் கேட்டு விலையை ஏற்றிவிட்டால் வாங்கியவர் அந்த விற்பனையையே ரத்து செய்யலாம். ஆனால் இந்தப் பிரிவு சரக்குக்கு உரியது. ஆண்டுக்கட்டணத்தில் வைத்திருக்கும் ஒரு முகவரி சரக்கா, சேவையா? 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கு வணிகச் சின்னத்தின் தன்மை உண்டு என்று தீர்ப்பளித்தது. பெயரைத் திருடியவர்மீது வழக்குப் போட அது உதவும். ஏலத்தில் ஏமாந்தவருக்கு அந்த அளவுக்குக் கைகொடுக்காது. போதாக்குறைக்கு, ஏலம் நடத்தும் நிறுவனங்களில் பலவும் வெளிநாட்டில் இருக்கின்றன. ‘ஏற்கிறேன்’ என்று நாம் படிக்காமலே அழுத்திய ஒப்பந்தம், வழக்கை எந்த ஊரில் நடத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கும்.

விரும்பித்தானே கேட்டார், அந்த விலை அவருக்குச் சம்மதம்தானே என்று ஒரு வாதம் உண்டு. சம்மதம்தான், ஆனால் எதிரில் உண்மையிலேயே வாங்க நினைக்கும் இன்னொருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் கொடுத்த சம்மதம். ஏலத்தில் அடுத்தவர் கேட்கும் விலையே ஒரு தகவல். அது பொய்யானால் சம்மதமும் ஏமாந்து கொடுத்ததுதான். இன்னொரு வாதம் கனமானது. கேட்பவரின் பெயரை வெளியிட்டால் அவர் எந்தத் தொழிலுக்குத் திட்டம் போடுகிறார் என்பது போட்டியாளருக்குத் தெரிந்துவிடும், நாலு பேர் சேர்ந்து சிண்டிகேட் அமைக்கவும் வழியாகும் என்கிறார்கள். ஏலம் நடக்கும்போது பெயர் மறைந்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல காரணம். முடிந்த பிறகும் மறைப்பதற்கு இது காரணமாகாது. ஒவ்வொருவருக்கும் ஏலத்துக்கு ஏலம் மாறாத ஓர் எண் கொடுக்கலாம். எந்த எண், எந்த நேரத்தில், எவ்வளவு கேட்டது என்ற பதிவேட்டை முடிந்ததும் வெளியிடலாம். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளின் விவரத்தை ஒரு வெளித் தணிக்கையாளரிடம் கொடுத்து வைக்கலாம். நிறுவனத்தின் ஊழியருக்கும் பங்காளிக்கும் ஏலத்தில் இடமில்லை என்று எழுதி வைப்பது மட்டும் போதாது; அதை யார் சோதிக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

விற்பனைக் கூடத்தை மட்டும் சொக்கத்தங்கமாகக் காட்டுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்மாய்க் கருவேல மரத்துக்கும் மீன்பாசிக்கும் ஏலம் நடக்கும்போது சிண்டிகேட் என்ற பேச்சு இந்த வட்டாரத்திலும் அடிபடுவது உண்டு. கேட்க ஆளே வராத நாளில் எந்தப் பெட்டியும் விலையை உயர்த்தாது. கர்நாடகம் 2014 முதல் தன் மண்டிகளை ஒரே ஆன்லைன் ஏலத்தில் இணைத்தது. அதை ஆராய்ந்தவர்கள் நெல் விலை 5.1 சதவீதமும் நிலக்கடலை 3.6 சதவீதமும் மக்காச்சோளம் 3.5 சதவீதமும் உயர்ந்ததாகக் கண்டார்கள். பருத்திக்கும் பாசிப்பயறுக்கும் துவரைக்கும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. கணினிக்கு மாற்றினால் எல்லாம் நேராகிவிடும் என்று நம்புபவர்கள் இந்தப் பருத்திக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆனாலும் கூடத்தில் விலை சரியில்லை என்றால் விவசாயி விற்பனைக் குழுவிடம் போய்ப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதற்கு ஓர் அலுவலகமும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரியும் இருக்கிறார்கள்.

டொமைன் பெயர்களுக்குத் திரும்பினால், டாட் இன் முடிவெழுத்தும் தமிழில் எழுதும் டாட் இந்தியாவும் நிக்ஸி என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கின்றன. அது மத்திய மின்னணு அமைச்சகத்தின் கீழ் வருவது. டாட் காம் ஏலத்துக்கு டெல்லி விதி போட முடியாது. ஆனால் டாட் இன் பெயர்களைப் பதியும் நிறுவனங்களிடம், காலாவதிப் பெயரை ஏலம் விட்டால் பதிவேட்டை வெளியிடு, சொந்த ஊழியரை விலக்கு, பழைய உரிமையாளருக்கும் ஒரு பங்கு கொடு என்று நிபந்தனை வைக்க நிக்ஸியால் முடியும். அதுவரை, இணையதளம் வைத்திருக்கும் நெசவாளரோ வத்தல் வியாபாரியோ ஒரு காரியம் செய்துவிடுவது நல்லது: பெயர் தன் பேரில் பதிவாகியிருக்கிறதா, தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் பேரில் இருக்கிறதா, நினைவூட்டும் மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டு, முடிந்தால் ஒரே தடவையில் 10 ஆண்டுக்குக் கட்டிவிடலாம். அதிகபட்சம் அவ்வளவுதான் அனுமதி.