கோலசிலாங்கூர் சேற்றில் பறவைகளை எண்ணுகிறார்கள், எதற்கு?

கோலசிலாங்கூர் என்றதும் நம்மவர்களுக்கு மின்மினிப் பூச்சியும், மெலாவத்தி குன்றின் குரங்குகளும், கடல் உணவும்தான் நினைவுக்கு வரும். குன்றுக்குக் கீழேயே இருக்கும் இயற்கைப் பூங்காவை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டி, மாநில அரசின் ஆதரவோடும் மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியோடும் 1987-இல் உருவான பூங்கா இது.

செப்டம்பர் மாதவாக்கில் இந்த வட்டாரத்துக்கு வெளியூர் விருந்தாளிகள் வரத் தொடங்குகின்றன. சைபீரியா போன்ற வடபகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பித் தெற்கே பறக்கும் கரைப்பறவைகள் அவை. தோட்டத்தில் வெள்ளையாக நின்றால் கொக்கு, பெரிதாக நின்றால் நாரை என்று சொல்லிப் பழகிய நமக்கு, இவற்றில் பல வெறும் சாம்பல் நிறக் குருவிகளாகத்தான் தெரியும். தமிழில் இவற்றுக்கு உள்ளான், கோட்டான், உப்புக்கொத்தி என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. சிவந்த கால் கொண்டது பவளக்காலி. நல்ல பெயர்கள்; புழக்கத்தில்தான் இல்லை.

இந்தப் பறவைகளின் நாளை நடத்துவது சூரியன் அல்ல, கடல்நீர். நீர் வற்றும்போது சேறு வெளியே தெரியும். புழு, நண்டு, சிறு சிப்பி என்று அதில் இரை கிடைக்கும். அலகு நீண்டவை ஆழத்திலும் குட்டையானவை மேல்பரப்பிலும் தேடுவதால் ஒரே சேற்றில் பல இனங்கள் பிழைக்கின்றன. நீர் ஏறியதும் அந்தச் சாப்பாட்டு மேசை மூழ்கிவிடும். அப்போது அவை கூட்டமாகப் பறந்து, நனையாத ஒரு திறந்தவெளியில் ஒதுங்கி ஓய்வெடுக்கும். காப்பார் மின் நிலையத்தின் சாம்பல் குளங்கள்கூட அப்படிப்பட்ட ஒதுங்கிடமாக இருந்திருக்கின்றன. ஆக, சேற்றை மட்டும் காப்பாற்றினால் போதாது. ஒதுங்கிடம் மண்ணடித்து மூடப்பட்டால் பக்கத்துச் சேறும் பயனற்றுப் போகும்.

இங்குதான் எண்ணிக்கைக்கு வேலை வருகிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. மலேசியாவில் இயற்கைச் சங்கத்தின் தொண்டர்கள் அதில் ஈடுபடுகிறார்கள். ராம்சார் ஒப்பந்தப்படி, ஓரிடத்தில் 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகக் கூடினாலோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 விழுக்காடு அங்கு இருந்தாலோ, அது அனைத்துலக முக்கியத்துவம் பெறத் தகுதியுள்ளது. "நிறைய பறவை வரும்" என்று சொல்வது எந்த அலுவலகத்திலும் எடுபடாது. பல ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் பேச்சு வேறு.

ஆயிரம் பறவைகளை எப்படி எண்ணுவது? முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவில் கூட்டத்தைப் பிரித்துக் கொண்டே போவார்கள். இனம் தெரியாதவற்றைத் தெரியாதவை என்றே குறிப்பார்கள். ஊகித்து எழுதுவதைவிட அது மேல்.

குடும்பத்தோடு பார்க்கப் போகிறவர்கள் நீர் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது. நீர் முழுதாக வற்றியிருந்தால் பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிற்கும். பிள்ளைகள் கைதட்டிப் பறக்க விடுவது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், திரும்பும் பயணத்துக்குச் சேர்த்து வைத்த கொழுப்பை அந்தப் பறவை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழக்கிறது. தொலைநோக்கி இல்லாதவர்களும் கணக்கெடுப்பில் சேரலாம். ஒருவர் எண்ணிச் சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுதியாக வேண்டுமே.