டோக்கன் கிடைக்கவில்லையா?

"காலையில ஆறு மணிக்கே போன் போட்டேன் சார், முப்பத்தெட்டாம் நம்பர்தான் கிடைச்சுது!" காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இப்படி அலுத்துக்கொள்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். குடும்ப டாக்டரிடம் இடம் கிடைக்காமல், சித்த வைத்தியனான என் வாசலுக்கு வருகிறவர்கள் இவர்கள்.

உங்கள் டாக்டருக்குத் தலைக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள். மாலை 6 முதல் 9 வரை 180 நிமிஷம். 40 பேர் வந்தால் ஆளுக்கு நாலரை நிமிஷம்தான். அதிலும், "அப்படியே அம்மாவுக்கு பி.பி. பார்த்துடுங்களேன்" என்று ஒரே டோக்கனில் இரண்டு பேரைக் காட்டுகிறோமே!

தெருவுக்குத் தெரு இருந்த பழைய டாக்டர்களுக்கு வயதாகிவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார இளைஞர்கள் வருவதில்லை. ஏன் வருவார்கள்? "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?" என்று கேட்டது நாம்தானே! குடும்ப மருத்துவத்தில் எம்.டி. படிப்பைப் பரவலாக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. ஆனால் அந்தப் படிப்புக்கான இடங்கள் இன்னும் சொற்பம். முதுகு வலிக்கு ஒருவர், மயக்கத்துக்கு ஒருவர் என்று ஸ்பெஷலிஸ்ட்டுகளைச் சுற்றிவிட்டு, கடைசியில் கட்டுக் கட்டாக ரிப்போர்ட்டுகளோடு குடும்ப டாக்டரிடமே போகிறோம். அத்தனையையும் அவர் படித்துப் பார்க்க வேண்டாமா?

போன வருஷம் ஐம்பது வயசுக்காரர் ஒருவர் வந்தார். "நெஞ்சு கனக்குது, வாயுதான். சாயந்திரம் டோக்கன் இருக்கு, அதுவரைக்கும் ஏதாச்சும் சூரணம் கொடுங்க" என்றார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நான் சூரண டப்பாவைத் தொடவில்லை. 108-க்குப் போன் செய்தேன். மாரடைப்புதான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

நெஞ்சு கனம், மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடத்தல்... இவற்றுக்கு டோக்கனும் வேண்டாம், என் கஷாயமும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிதான்.

வெறும் பி.பி., சர்க்கரை பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் போதும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது தொந்தரவுகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நான் கொடுத்த லேகியத்தையும் சேர்த்துத்தான்! "திட்டுவாரே" என்று பலர் அதை ஒளிக்கிறார்கள். திட்டினால் திட்டட்டும், காட்டுங்கள்.