பெட்டியில் எழுதிய வாட்டும் வண்டியில் கேட்கும் பாட்டும்
பிக்கப் வண்டிக்குப் புதிய ஸ்பீக்கர் வாங்குவோர் அறிய வேண்டியவை

இந்திய வானொலிக்கு ‘ஆகாசவாணி’ என்னும் பெயரைத் தந்த ஊர் மைசூரு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம்.வி. கோபாலசுவாமி, 1935-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அந்நிலையத்தோடு சேர்ந்த இப்பெயரைப் பின்னர் அகில இந்திய வானொலியும் ஏற்றுக்கொண்டது. வீடுகளில் வானொலிப் பெட்டி அருகிவிட்ட இக்காலத்திலும், மணிக்கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டே தொழில் செய்வோர் இந்நகரில் உண்டு. பிக்கப் வண்டி ஓட்டுநர்களே அவர்கள். பண்டிபாளையா சந்தையிலிருந்து சரக்கேற்றி, இரவு 9 மணிக்குப் பண்டிப்பூர் வனச்சாலை மூடப்படுமுன் அதைக் கடக்க விரைபவர்க்கும், சாம்ராஜநகர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் இறங்கிச் சத்தியமங்கலம் செல்பவர்க்கும் பாட்டும் செய்தியும் வழித்துணை. கைப்பேசி சொல்லும் வழியும் இன்று அதே ஸ்பீக்கரில்தான் ஒலிக்கிறது.

அந்த ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கும்போது, புதிது மாற்றும் எண்ணம் எழுவது இயல்பே. நம் வங்கியில் வாகனக் கடன் பெற்றுச் சொந்தமாக வண்டி ஓட்டும் வாடிக்கையாளர்கள் பலர். அவர்களுக்கு வண்டியே கடை, வண்டியே முதலீடு. ஆகவே, சிறு செலவாகத் தோன்றும் இதையும் கணக்குப் பார்த்துச் செய்வது நன்று.

முதலில் நோய் எது?

ஓசை கெட்டால் ஸ்பீக்கர் கெட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஸ்டீரியோவில் உள்ள ‘பேலன்ஸ்’ வசதியைக் கொண்டு ஒலியை முழுவதும் இடப்புறமும், பின்னர் முழுவதும் வலப்புறமும் திருப்பிப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே வகையாகக் கரகரத்தால் ஸ்டீரியோவையோ, பாட்டுப் பதிவையோ ஐயுற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால், மெக்கானிக்கைக் கொண்டு இடது ஸ்பீக்கரை வலப்பக்க ஒயரிலும், வலது ஸ்பீக்கரை இடப்பக்க ஒயரிலும் இணைத்துப் பார்க்கலாம். கோளாறு ஸ்பீக்கரோடு இடம் மாறினால் ஸ்பீக்கரே பழுது. அதே பக்கத்தில் நின்றுவிட்டால் ஒயரிலோ கப்ளரிலோ குறை. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கதவின் கீல் அருகே ஒயர் மடங்கி நிமிர்கிறது. நாளடைவில் அங்கே அறுந்துபோவதுண்டு. பத்து நிமிடச் சோதனை, தேவையற்ற செலவைத் தவிர்க்கும்.

வாட் என்னும் மயக்கம்

ஸ்பீக்கர்தான் பழுது என்று உறுதியானபின் கடைக்குச் சென்றால், 300 வாட், 400 வாட் என்று பெட்டிகளின்மேல் பெரிய எழுத்துகளைக் காணலாம். இவற்றுள் பெரும்பாலானவை ஒரு நொடிப்பொழுது மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவுகள். தொடர்ந்து தாங்கும் அளவு ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற குறிப்போடு சிறிய எழுத்தில் இருக்கும். அதுவும் ஸ்பீக்கர் தாங்கும் அளவே அன்றி, தரும் ஒலியின் அளவு அன்று. ஓவர்டிராஃப்ட் வரம்பை உயர்த்தியதால் மட்டும் கடையின் விற்பனை உயர்ந்துவிடாது, இதுவும் அதுபோன்றதே.

ஒலிக்கான மின்னாற்றலைத் தருவது ஸ்டீரியோ. அதன் திறன் எவ்வளவு? பொலேரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவை 12 வோல்ட் வண்டிகள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 14.4 வோல்ட் இருக்கும். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.84 கிடைக்கும். பல ஸ்டீரியோக்களின் முகப்பில் காணப்படும் ‘50 வாட் × 4’ என்ற எண் வரும் வழி இதுவே. ஆனால் ஒலி அலை ஏறி இறங்குவது. எப்போதும் உச்சியில் நிற்பதன்று. ஆகவே சிதைவின்றிக் கிடைக்கக்கூடியது அதில் பாதி, அதாவது ஏறத்தாழ 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்பையும் கழித்தால் 15 முதல் 20 வாட் வரையே எஞ்சும். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத வண்டியில் இந்த வரம்பை எந்த ஸ்பீக்கராலும் உயர்த்த முடியாது. 400 வாட் தாங்கும் ஸ்பீக்கரை மாட்டினாலும் அதற்குப் போய்ச் சேர்வது அதே 20 வாட்தான்.

பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

முதலாவது, ‘சென்சிட்டிவிட்டி’ எனப்படும் உணர்திறன். குறிப்பிட்ட ஆற்றலைக் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கும் என்பதை இது கூறும். 3 டெசிபல் கூட வேண்டுமானால் ஆற்றல் இரு மடங்காக வேண்டும் என்பது ஒலியியல் கணக்கு. எனவே 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 30 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 15 வாட்டிலேயே தந்துவிடும். குறைந்த ஆற்றலுள்ள ஸ்டீரியோவுக்கு இந்த எண்ணே உயிர்நாடி. ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. சில நிறுவனங்கள் 1 வாட்டிலும், சில 2.83 வோல்ட்டிலும் அளந்து எழுதுகின்றன. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 2 வாட். ஆகவே இரண்டாம் வகை எண் 3 டெசிபல் மிகையாகத் தோன்றும். அதைக் கழித்துவிட்டு ஒப்பிடுக.

இரண்டாவது, ‘இம்பீடன்ஸ்’ எனப்படும் மின்மறுப்பு. இது ஓம் கணக்கில் இருக்கும். கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதே அளவை வாங்குவது பாதுகாப்பு. ஒரே ஒயரில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். 4 ஓமுக்கென அமைந்த ஸ்டீரியோ அந்தச் சுமையில் சூடேறிப் பழுதாகக்கூடும். ‘இன்னும் இரண்டு மாட்டித் தருகிறேன்’ என்று கடைக்காரர் கூறும்போது இதை நினைவில் கொள்க.

மூன்றாவது, அளவும் ஆழமும். 4 அங்குலம், 5.25 அங்குலம், 6.5 அங்குலம் என்ற வட்ட அளவுகளும், 6×9 என்ற நீள்வட்ட அளவும் வழக்கில் உள்ளன. விட்டத்தைப் பார்ப்பவர் பலர் ஆழத்தைப் பார்ப்பதில்லை. பின்புறக் காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடி இறங்கும்போது அதில் இடிக்கும். கண்ணாடியை முழுவதும் இறக்கிவைத்து, கதவின் உட்புறம் எஞ்சும் இடத்தை அளந்து குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

மழைக்கும் தூசிக்கும்

கதவின் உட்புறம் உலர்ந்த இடம் என்று எண்ணுவது தவறு. மழைநீர் கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கி, கதவின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறும்படியே கதவுகள் அமைந்துள்ளன. மைசூருவில் தென்மேற்குப் பருவமழையும், அதன்பின் அக்டோபர் மழையும் உண்டு. வண்டிகளோ வெட்டவெளியில் நிற்பவை. சாதாரணக் காகிதக் கூம்பு ஈரத்தில் தளரும். கூம்பின் ஓரத்தில் உள்ள நுரைவளையம் சில ஆண்டுகளில் பொடிந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் ஓரமும் கொண்டவை இத்தகைய உழைப்புக்கு ஏற்றவை.

வகையிலும் தேர்வு உண்டு. பெரிய கூம்பின் நடுவிலேயே சிறு ட்வீட்டர் அமைந்தது ‘கோஆக்சியல்’. ட்வீட்டரும் கூம்பும் தனித்தனியாக வருவது ‘காம்போனென்ட்’. பின்னது ஒலித்தெளிவில் சிறக்கலாம். ஆனால் ட்வீட்டருக்குத் தனி இடமும், கூடுதல் ஒயரும், கூடுதல் பணமும் வேண்டும். ஒற்றைக் கேபின் கொண்ட பிக்கப்பின் முன்கதவுகளுக்கு நல்ல கோஆக்சியல் ஒரு ஜோடியே பெரும்பாலும் போதும்.

கதவே பெட்டி

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி எப்படியோ, வண்டி ஸ்பீக்கருக்குக் கதவு அப்படி. கூம்பின் முன்புறம் எழும் ஒலியும் பின்புறம் எழும் ஒலியும் இடைவெளி வழியே கலந்துவிட்டால், ஒன்றையொன்று அழித்து மத்தள ஓசை மெலிந்துவிடும். ஆகவே ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் இடையே நுரைப்பட்டை ஒட்டி இடைவெளியை அடைக்கச் சொல்லுங்கள். கதவின் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிய விடாதீர்கள். கேபினுக்குள் நீர் புகாமல் காப்பது அதுவே.

பிளஸ், மைனஸ் முனைகளும் மாறக்கூடாது. ஒரு பக்கம் மாறினால் இரு கூம்புகளும் எதிரெதிராக அசைந்து ஓசை வெறுமையாகும். குறி அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை முனைகளில் நொடிப்பொழுது தொட்டுப் பார்க்கலாம். கூம்பு வெளிப்புறம் தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே பிளஸ்.

ஒயரை வெட்டாதீர்கள்

இக்கட்டுரையில் ஒரே ஓர் அறிவுரையை மட்டும் நினைவில் கொள்வதென்றால், அது இதுவாகட்டும். வண்டியின் அசல் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றும் வழக்கம் எங்கும் உள்ளது. அசல் கப்ளரில் நேராகப் பொருந்தும் மாற்று இணைப்பு ஒயர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அதற்காகும் சிறு செலவு வீண் அன்று.

எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவருக்கு நேர்ந்தது இது. டேப் சுற்றிய இணைப்பு வெயிலில் தளர்ந்து தகரத்தில் உரசியது. ஃபியூஸ் அடிக்கடி போயிற்று. யாரோ அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போட்டுக் கொடுத்தார். பழுது அறிந்து தன்னைத் தியாகம் செய்ய வேண்டிய ஃபியூஸ் நிலைத்தது. டாஷ்போர்டின் உள்ளே ஒயர்கள் கருகின. தீ பரவவில்லை என்பதே ஆறுதல். ஒரு வாரம் வண்டி ஓடவில்லை. வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை அல்லவா?

இங்கே காப்பீடும் வாரன்டியும் குறுக்கிடுகின்றன. அசல் ஒயரை வெட்டியதால் நேர்ந்த மின்பழுதை வாரன்டியின்கீழ் ஏற்க வண்டி நிறுவனம் மறுக்க இடமுண்டு. மேலும், நிறுவனம் வண்டியோடு தந்த ஸ்டீரியோ வண்டியின் மதிப்பிலேயே அடங்கும். நாம் பின்னர் மாட்டும் மின் சாதனம் தானாக அடங்காது. அதன் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்க்க வேண்டும். வழக்கமாக அது சாதனத்தின் மதிப்பில் 4 விழுக்காடு. 5,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் மாட்டியவர்க்கு ஆண்டுக்கு 200 ரூபாயும் வரியும் ஆகும். செய்வதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். ஆனால் பெரிய ஆம்ப்ளிஃபயர் மாட்டியோர் தவறாது தெரிவிப்பது நலம்.

கடையில் செய்ய வேண்டியவை

நன்கு பழகிய ஒரு பாடலையும், ஒருவர் பேசும் பதிவையும் கைப்பேசியில் கொண்டு செல்லுங்கள். கேட்டுப் பார்க்கும்போது எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே ஒலியளவில் இருக்கட்டும். சற்று உரக்க ஒலிப்பதே சிறந்தது என்று நம் காது ஏமாறும். பாடகரின் சொல் தெளிகிறதா, நாதஸ்வரம் காதைக் குத்துகிறதா, பேச்சு டப்பாவுக்குள் இருந்து வருவது போல இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலையும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர் முகவரியும் இருத்தல் சட்டப்படி கட்டாயம். இவை இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். அது போலியாக இருக்கலாம். ஜி.எஸ்.டி. பில்லும், கடை முத்திரையிட்ட வாரன்டி அட்டையும் கேட்டுப் பெறுங்கள். பில் இருந்தால் குறை நேரும்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து முறையிடுவது எளிது. தொழிலுக்கான வண்டியாயின் அதே பில் கணக்கிலும் செலவுச் சான்றாக நிற்கும். கழற்றிய பழைய ஸ்பீக்கரையும் கேட்டு வாங்கி வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அசலை மாட்டிக் கொடுத்துப் புதியதைக் கழற்றிக்கொள்ளலாம்.

செவியும் சாலையும்

80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபலாயின் 4 மணி நேரம் மட்டுமே என்றும் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டுபவர்க்கு ஐந்து நாளிலேயே 40 மணி நேரம் நிறைந்துவிடும். எஞ்சின் இரைச்சலும் அதோடு சேரும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் வண்டியின் ஹாரன் காதில் விழ வேண்டும். ஸ்டீரியோவின் ஒலியை இறுதி எல்லைவரை திருப்புவது ஸ்பீக்கருக்கும் கேடு. அந்நிலையில் சிதைந்து வரும் அலையே ட்வீட்டரை எரிக்கிறது. முக்கால் அளவைத் தாண்டாமல் வைப்பது செவிக்கும் சாதனத்துக்கும் நன்று.

உணர்திறன் மிக்க, அளவு பொருந்திய, 4 ஓம் கொண்ட ஒரு ஜோடி ஸ்பீக்கர், வெட்டாத ஒயர், அடைத்த கதவு, கையில் ஒரு பில். பெரும்பாலான பிக்கப் வண்டிகளுக்கு இவ்வளவே வேண்டும். வரவுக்குள் செலவை அடக்குபவர் நிம்மதியாக உறங்குவது போல, தன் ஸ்டீரியோவின் ஆற்றலை அறிந்து ஸ்பீக்கர் தேர்ந்தவர் குறைந்த செலவில் நிறைவான இசையைக் கேட்டுக்கொண்டு பயணம் செய்வார்.