பழைய அலாய் வீல், ஷாக் அப்சார்பரை நேரடியாக விற்கப் போறீங்களா? தென்காசி கார் ஓனர்கள் கவனிக்க வேண்டியவை!

சென்னையில் பழைய கார் பார்ட்ஸ் என்றால் புதுப்பேட்டை. தென்காசி, குற்றாலம் பக்கம் அப்படி ஒரு பெரிய மார்க்கெட் கிடையாது. புது அலாய் போட்டவர், கழற்றிய வீலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்; கேட்டு வருபவரிடம் நேரடியாகக் கொடுப்பார். சொந்தப் பொருளை விற்பதில் தப்பே இல்லை. ஆனால், கழற்றிய எல்லாமே விற்கிற பொருள் கிடையாது.

எதை விற்கலாம்?

பெண்ட், கிராக் இல்லாத வீலைத் தாராளமாக விற்கலாம். 'ஸ்விஃப்ட் வீல் விற்பனைக்கு' என்று மட்டும் போட்டால் போதாது. போல்ட் அளவையும் சொல்லணும். ஸ்விஃப்ட்டுக்கு 4×100, கிரெட்டாவுக்கு 5×114.3. இது மாறினால் வீல் மாட்டவே மாட்டாது. ரிம் இன்ச், ஆஃப்செட், நடு ஓட்டையின் அளவும் பொருந்த வேண்டும். டயரோடு கொடுத்தால், பக்கவாட்டில் இருக்கும் 4 இலக்க எண்ணைப் போட்டோவில் காட்டுங்க. 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது.

கிராக் விட்டு வெல்டிங் அடித்த அலாயைப் பெயிண்ட் பூசி விற்பதுதான் ஆபத்தான வேலை. வாங்கியவர் அதை மாட்டிக்கொண்டு புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் குடும்பத்தோடு போவார். வளைவில் வீல் உடைந்தால் என்ன ஆகும்? அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதுதான் நியாயம்.

சஸ்பென்ஷன் பார்ட்ஸுக்கு இன்னும் கறார் வேணும். ஆயில் கசிந்த ஷாக் அப்சார்பர், ஆட்டம் கொடுக்கும் பால் ஜாயின்ட், அடிபட்ட லோயர் ஆர்ம் எதையும் விற்காதீங்க. நல்ல நிலையில் இருந்தாலும் ஷாக் அப்சார்பரை ஜோடியாக, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்லித்தான் கொடுக்கணும்.

ஒரிஜினல் வீலை அவசரப்பட்டு விற்கலாமா?

யோசிக்கணும். பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பெரிய சைஸ் வீல் போட்டிருந்தால், ஆர்.டி.ஓ. ஆபீஸிலோ இன்சூரன்ஸ் க்ளெய்மிலோ கேள்வி வரலாம். அப்போது திரும்ப மாட்ட பழைய செட் கையில் இருப்பது நல்லது.

பேப்பர் எதுக்கு?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-ன் கீழ் 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பில் கேட்பார்கள். வீல் மாற்றிய கடை பில், ஆர்.சி. நகல் இருந்தால் காட்டுங்க. இரண்டு பேர் பெயர், தேதி, பொருளின் நிலை, தொகை எழுதி கையெழுத்து போட்ட ஒரு தாள் போதும். 'நல்லா இருக்குன்னு சொன்னீங்களே அண்ணாச்சி' என்று நாலு நாள் கழித்து வரும் சண்டைக்கும் அதுவே பதில்.

பணம் வாங்கும்போது?

பொருளைப் பார்க்காமலே 'ஓகே' சொல்லி, 'ஆர்மியில் இருக்கேன், கியூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க' என்பவர் மோசடி ஆசாமி. யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை; பின் போட்டால் பணம் உங்க கணக்கிலிருந்துதான் போகும். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.