விளித்தலும் விலையும்: ஆய்விதழ் மடல்கள் குறித்து

'பெருமதிப்பிற்குரிய முனைவர் அவர்களுக்கு' என்றுதான் தொடங்குகின்றன அந்த மின்னஞ்சல்கள். நான் வெறும் எம்.ஏ. தமிழ். அகப்பாடல்கள் பற்றிய என் கட்டுரையை வியந்து வாசித்ததாகச் சொல்லி, பல் மருத்துவ இதழொன்றுக்கு ஏழு நாளில் 'மேலான பங்களிப்பு' அனுப்பக் கேட்கிறார்கள். சிரித்துவிட்டு அழித்துவிடலாம்தான். ஆனால் இந்த மடலும் ஒரு பிரதி.

தெருவில் போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிடத் திரும்பிப் பார்க்கிறவன், அந்தத் திரும்பலிலேயே அதிகாரத்தின் தன்னிலையாகிவிடுகிறான் என்றார் அல்தூசர். இங்கே விளி முகஸ்துதியாக வருகிறது. வெளியான கட்டுரைகளின் அடியிலுள்ள முகவரிகளை எந்திரம் திரட்டுகிறது, தலைப்பை வெட்டி மடலில் ஒட்டுகிறது. யாரும் எதையும் வாசிப்பதில்லை. மூன்று நாளில் 'ஏற்கப்பட்டது' என்று பதில் வரும். கட்டண ரசீது அதற்குப் பிறகுதான்.

2005இல் அமெரிக்கக் கணினி அறிஞர்கள் இருவர், என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தொலை என்ற பொருள்படும் ஏழு ஆங்கிலச் சொற்களையே (ஒன்று வசைச்சொல்) பத்துப் பக்கம் திருப்பித் திருப்பி அச்சிட்டுக் 'கட்டுரை' ஆக்கினார்கள். 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஒருவர் அதையே ஓர் இதழுக்கு அனுப்பிவைத்தார். மிகச் சிறப்பு என்ற மதிப்பீட்டோடு ஏற்றுக்கொண்டு 150 டாலர் கேட்டார்கள்! ஆசிரியன் இறந்துவிட்டான் என்றார் ரோலான் பார்த். இங்கே வாசகனும் சேர்ந்து செத்துக் கிடக்கிறான்.

நம்மூரில் திரும்பிப் பார்க்கிறவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று பதவி உயர்வைக் கணக்காக்கியது. கணக்கு வந்தால் கடை வராதா? 2018இல் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. எண்கூட இல்லாத சிற்றிதழில் ஒருவர் பத்து வருஷ வாசிப்பை வைத்து எழுதியது அந்தக் கணக்கில் பூஜ்யம்.

ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனத்தின்மீது அமெரிக்க வணிக ஆணையம் 2016இல் தொடுத்த வழக்கு, 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொல்லித் தீர்ப்பானது. குற்றச்சாட்டுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: கட்டுரையைத் திரும்பக் கேட்டவர்களுக்குத் தரவில்லை. ஒரே கட்டுரையை இன்னொரு இதழுக்குக் கொடுப்பது ஆய்வுலகில் குற்றம். ஆக, காசு கட்ட முடியாத ஆய்வு மாணவிக்கு மாட்டிக்கொள்வது பணமல்ல, மூன்று வருஷத்துக் களப்பணி.